சூரியன் மாறினால் மேகம் மாறுமா? அடிக்கடி நேரும் தவறுகள்

சூரியனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. அதோடு சேர்ந்து மேகமூட்டமும் மாறுகிறது, பூமி சூடாவதற்கும் அதுதான் காரணம் என்று வரைபடம் போட்டுக் காட்டுகிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், அளவைப் பார்க்காமல் பேசுவது. வளிமண்டலத்தின் உச்சியில் சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட் வெயில் விழுகிறது. கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுக்கும் அடங்கிய ஆண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 1 வாட், அதாவது 0.1 சதவீதம்தான். பூமிப் பரப்பு முழுக்கப் பகிர்ந்தால் அதுவும் கால் பங்காகிவிடும். இதனால் உலகச் சராசரி வெப்பநிலை 0.1 டிகிரி அளவுக்கு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். புறஊதாக் கதிர்கள் மட்டும் இதைவிட அதிகமாக மாறி, ஓசோன் அடுக்கைத் தொடுகின்றன.

சரி, மேகத்துக்கு வருவோம். சூரியன் துடிப்பாக இருக்கும்போது அதன் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களை, அதாவது விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் அதிவேகத் துகள்களை, விலக்கிவிடுகிறது. கதிர் குறைந்தால் காற்றில் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற துகள்கள்) குறையும், மேகத்துளிக்கு வித்தாகும் நுண்துகள்களும் குறையும், அதனால் மேகமும் குறையும் என்பது டென்மார்க் இயற்பியலாளர் ஸ்வென்ஸ்மார்க் 1990-களில் முன்வைத்த கருத்து. அழகான யோசனை என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஆதாரமாகக் காட்டிய செயற்கைக்கோள் பதிவு ஒரு சூரியச் சுழற்சியைச் சற்றே தாண்டியது. பின்னர் வந்த தரவுகளில் அந்தப் பொருத்தம் நிலைக்கவில்லை. சிறு துண்டை வைத்து முழுக்கதை சொல்வதுதான் இங்கே தவறு.

ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் இந்தக் கருத்தைச் சோதித்த ‘கிளவுட்’ சோதனையைப் பாதி மட்டும் படிப்பது இன்னொன்று. 3 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் கலம். உள்ளே தூய காற்று, துளியளவு கந்தக அமில ஆவி. முடுக்கியிலிருந்து பாயும் துகள் கற்றை. அயனிகள் நுண்துகள்களின் பிறப்பை வேகப்படுத்துகின்றன என்று 2011-இல் தெரிந்தது. பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிறக்கும் துகளின் அளவு ஒன்றிரண்டு நானோமீட்டர். அதன்மேல் நீர் படிந்து மேகத்துளியாக வேண்டுமென்றால் அது 50 முதல் 100 நானோமீட்டர் வரை வளர வேண்டும். அதற்குள் பெரும்பாலானவை பெரிய துகள்களில் ஒட்டி மறைந்துவிடும். அப்புறம் கடல் உப்பும் தூசியும் புகையும் ஏற்கெனவே காற்றில் வித்துகளாக மிதக்கின்றன. இன்றைய வளிமண்டலத்தில் இந்த வழியாகக் காஸ்மிக் கதிர்கள் பருவநிலையைக் குறிப்பிடும்படி மாற்றுவதில்லை என்று 2016-இல் அதே குழுவே எழுதியது.

மேகம் கூடினால் குளிரும் என்று பொதுவாகச் சொல்வதும் சரியில்லை. தாழ்ந்த தடித்த மேகம் வெயிலைத் திருப்பிவிட்டுக் குளிர்விக்கும். உயரத்தில் உள்ள மெல்லிய கீற்று மேகமோ வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

திசையையும் பாருங்கள். 1980-களுக்குப் பிறகு சூரியச் செயல்பாடு ஏறவில்லை, சற்றுத் தணிந்தே இருக்கிறது. வெப்பநிலை மட்டும் ஏறுகிறது. சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியரும் சூடாகியிருக்க வேண்டும். அது குளிர்ந்திருக்கிறது.

பூமியே ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறது. சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் பூமியின் காந்தப்புலம் மிகவும் பலவீனமானபோது காஸ்மிக் கதிர்கள் கொட்டின. கிரீன்லாந்துப் பனியில் அந்தக் காலத்துப் படிவங்களில், காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது உண்டாகும் பெரிலியம்-10 எகிறியிருக்கிறது. அதே பனி காட்டும் வெப்பநிலைப் பதிவில் அதற்கேற்ற தெளிவான தடம் இல்லை.