முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்குபேட்டரில் வைத்த நாட்டுக்கோழி முட்டையில் இருபதாம் நாள் இரவு சிறு விரிசல் விழுந்து, உள்ளிருந்து கீச்சுக் குரலும் கேட்டு, மறுநாள் காலையிலும் அந்த விரிசல் மிளகளவு கூடப் பெரிதாகாமல் இருந்தால், வளர்ப்பவரின் கை தானாகவே ஓட்டின் மேல் போய்விடுகிறது. குஞ்சு சிக்கிக்கொண்டது என்று அந்த நேரத்தில் முடிவு செய்வதுதான் முதல் தவறு. பெரிய தவறும் அதுவே.

விரிசல் விழுந்த பிறகு வரும் அந்த அமைதியில் உள்ளே நிறைய வேலை நடக்கிறது. பத்தொன்பது, இருபதாம் நாள்களில் குஞ்சு முதலில் உட்சவ்வைக் கிழித்து, முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து மூச்சுவிடத் தொடங்குகிறது. அதன் பிறகே அலகின் நுனியில் உள்ள கூரிய புடைப்பால் ஓட்டைக் கீறுகிறது. அதுவரை நுரையீரலின் வேலையைச் செய்துவந்தது ஓட்டின் உட்புறம் முழுவதும் படர்ந்திருக்கும் ரத்தக்குழாய் வலை. அந்த வலையில் உள்ள ரத்தம் குஞ்சின் உடலுக்குத் திரும்ப வேண்டும். எஞ்சியிருக்கும் மஞ்சள் கருவும் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்பட வேண்டும். பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் தாங்குவதும், பொரிப்பகங்களிலிருந்து ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டிகளில் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்ப முடிவதும் இந்த மஞ்சள் கருவால்தான். இவை முடிய 12 முதல் 24 மணி நேரம் ஆவது இயல்பு. அதற்கு முன் ஓட்டைப் பிரித்தால், குழாய்கள் அறுந்து ரத்தம் வடியும், அல்லது மஞ்சள் கரு வெளியே தொங்கும் நிலையில் குஞ்சு கைக்கு வரும்.

அடுத்த தவறு, மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது. பதினெட்டாம் நாளுடன் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு உயர்த்தி, மூடியை அடைத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரக்காற்று வெளியேற, விரிசல் வழியே சவ்வு காய்ந்து குஞ்சின் உடலோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு அது திரும்பவும் முடியாது, உதைக்கவும் முடியாது. உதவி தேவைப்படும் நிலையை உதவ நினைத்தவரே உண்டாக்குவது இப்படித்தான். முதலில் பொரித்த குஞ்சுகளை எடுப்பதற்காகத் திறப்பதும் இதில் சேரும். அவை ஒரு நாள் வரை உள்ளேயே இருந்து உலரலாம்.

உதவவே கூடாது என்பதில்லை. ஓடு உடைந்து 24 மணி நேரத்துக்கு மேலாகியும் முன்னேற்றம் இல்லை, ஓட்டைச் சுற்றி அறுக்கத் தொடங்கிய குஞ்சு பாதியில் நின்று பல மணி நேரமாகிவிட்டது, வெண்மையாக இருக்க வேண்டிய சவ்வு பழுப்பேறித் தோல்போல் காய்ந்துவிட்டது என்றால் தலையிடுவதற்குக் காரணம் உண்டு. குறுகிய முனையில் விரிசல் விழுந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஆனாலும் அவசரம் ஆகாது, ஏனெனில் அப்படித் தலைகீழாக அமைந்த குஞ்சுகளிலும் சில தாமாகவே வெளிவந்துவிடும்.

தலையிடுவது என்றால் குஞ்சை வெளியே எடுப்பது என்று நினைப்பது மூன்றாவது தவறு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் சவ்வைத் தொட்டால், அது கண்ணாடிபோல் தெளிந்து குழாய்களைக் காட்டும். சிவப்புக் கோடுகள் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, முட்டையை உள்ளே வைத்துவிட்டுச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடிகாரத்தைவிட இந்தச் சிவப்புக் கோட்டைத்தான் நான் நம்புவேன். குழாய்கள் வற்றியிருந்தால், அகன்ற முனையில் மூடிபோல் உள்ள ஓட்டை மட்டும் சிறிது சிறிதாக நீக்கி, தலையை விடுவித்தால் போதும். தொப்புள் இருக்கும் கீழ்ப்பாதியைக் குஞ்சே உதைத்துத் தள்ளட்டும். சவ்வை நனைக்கிறேன் என்று துளைக்குள் நீர் சொட்டவிட்டால், மூச்சு வாங்கத் தொடங்கிய குஞ்சு மூழ்கிவிடும். முட்டையை நீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் பழக்கமும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், இதே கேட்டைத்தான் செய்யும்.

விரிசலே விழாத முட்டையை இருபத்தோராம் நாள் முடிந்தது என்பதற்காக உடைக்கக் கூடாது. வெப்பம் சற்றே குறைந்திருந்தால்கூடப் பொரிப்பு ஒரு நாள் தள்ளிப்போகும்.

அடைக்கோழியின் கீழ் உள்ள முட்டைகளைத் தொடவே தேவை வராது என்று சொல்லலாம். இடிக்குப் பயந்து கூடையில் கரித்துண்டும் இரும்பும் போட்டு வைக்கும் வீடுகளில், பொரிக்கும் நாளில் அந்தப் பக்கம் அதிகம் போகமாட்டார்கள். கரித்துண்டைப் பற்றி எனக்கு உறுதியில்லை, போகாமல் இருப்பது சரி. பொரித்த குஞ்சுகளோடு கோழி கூடையை விட்டு இறங்கிவிட்டால் மட்டும், உயிருள்ள எஞ்சிய முட்டைகளை இன்குபேட்டருக்கு மாற்றலாம்.

உதவியால் வெளிவந்த குஞ்சு நனைந்து, சோர்ந்து, வெகுநேரம் படுத்தே கிடக்கும். அது உலர்ந்து எழுந்து நிற்கும் வரை இன்குபேட்டரிலேயே இருக்கட்டும். தொப்புளில் தொங்கும் காய்ந்த நூலை இழுக்கவோ வெட்டவோ வேண்டாம், தானே உதிர்ந்துவிடும். அதற்குள் மற்றக் குஞ்சுகளோடு விட்டால், அவை அதைப் புழுவென்று கொத்தும்.