வளவுக்குள் ஒரு மறு உலகம்: கிறிஸ்தவக் கருவோடு சிறுவர் மாயக்கதை எழுதும் முறை

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மாயக்கதை எழுத உட்காரும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில் சொல்லப்போகும் வசனத்தைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். கதை கெடுவது அங்கேதான். வசனத்தை நோக்கி ஓடும் கதையைப் பிள்ளைகள் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கரு, அந்த உலகம் எந்தச் சட்டப்படி நடக்கிறதோ அந்தச் சட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

எனவே முதல் வேலை, உலகத்தின் சட்டத்தை நாலு வரியில் எழுதுவது. மன்னிப்பு, சோதனை, உயிர்ப்பு, மீட்பு என்று எல்லாவற்றையும் திணிக்காமல் ஒன்றை மட்டும் எடுங்கள். மீட்பை எடுத்தால் நம் செட்டிநாட்டில் அதற்குப் பொருத்தமான பொருள் கையிலேயே இருக்கிறது: பேரேடு, அதாவது கொடுக்கல் வாங்கல் எழுதும் கணக்குப் புத்தகம். பர்மா, மலேயா, இலங்கை என்று போய்க் கொடுக்கல் வாங்கல் செய்த ஊர் இது. சட்டம் இப்படி இருக்கலாம்: “பேரேட்டில் ஏறிய வரியை யாராலும் அழிக்க முடியாது. கடன்பட்டவர் கொடுத்துத் தீர்க்கலாம். இல்லாவிட்டால், தன் பேரில் ஒரு வரிகூட இல்லாத ஒருவர் மனமுவந்து அவருக்காகக் கொடுக்கலாம். வேறு வழி கிடையாது.” மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் இருக்கிறான், கொலோசெயர் 2:14 ‘கையெழுத்தைக் குலைத்து’ என்கிறது. இரண்டும் உங்கள் மனதில் இருக்கட்டும், பக்கத்தில் வேண்டாம்.

சட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த உலகில் ஒருவர் துரோகம் செய்தால் அவர் பேருக்கு எதிரே எழுத்து தானாக ஏறும், ஏறும்போதெல்லாம் அவருடைய நிழல் கொஞ்சம் வெளிறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழல் முழுக்கப் போனவர், பேரேட்டை வைத்திருக்கும் கணக்கருக்கு அடிமை. இப்போது பாவம் என்ற சொல்லையே எழுதாமல், உச்சி வெயிலில் ஒரு பையன் குனிந்து தன் காலடியைப் பார்ப்பதை எழுதினால் போதும்.

உருவகமாக எழுதுவதா வேண்டாமா என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையும், அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை எழுதிய இரட்சணிய யாத்திரிகமும் உருவகங்கள். அவற்றில் பாத்திரங்கள் குணங்களின் பெயரையே தாங்கி வரும். 1950 முதல் 1956 வரை வெளிவந்த சி. எஸ். லூயிஸின் ஏழு நார்னியா நூல்கள் வேறு வகை. அப்படி ஓர் உலகம் இருந்து, இங்கே மனிதராக வந்த தேவகுமாரன் அங்கே சிங்கமாக வந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்ததாக லூயிஸே விளக்கியிருக்கிறார். சிறுவர்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் நல்லது. உருவகத்தில் பிள்ளை ‘இவர்தான் இயேசு, அவன்தான் யூதாஸ்’ என்று பொருத்திப் பார்த்த கையோடு கதைக்காக வருந்துவதை நிறுத்திவிடுகிறது.

பனி, கோட்டை, ஊசியிலைக் காடு எதுவும் தேவையில்லை. மறைப்பணியாளர் அருளானந்தர் விசுவாசத்துக்காக 1693-இல் உயிர்கொடுத்த ஓரியூர் இங்கிருந்து அதிக தூரமில்லை. இயேசு காவியம் பாடிய கண்ணதாசன் பிறந்தது சிறுகூடற்பட்டியில். செம்மண், ஊருணி, கண்மாய்க் கரைப் பனை இவையே போதும். வாசலும் தயாராக இருக்கிறது. செட்டிநாட்டுப் பெரிய வீட்டின் முகப்பில் நின்றால் வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் தெரியும். எல்லாக் கதவும் திறந்திருக்கும் ஒரு நாளில் கடைசிக் கதவுக்கு அப்பால் பின்தெரு தெரியாமல் வேறொன்று தெரியட்டும். வீட்டுக்காரர்கள் வெளியூரில், கல்யாணத்துக்குத்தான் வருவார்கள். கொத்துச் சாவி காவல்காரர் மகளிடம். ‘ஆச்சி வர்றதுக்குள்ள கூட்டி வைக்கணும்’ என்று தம்பியோடு உள்ளே வருகிறாள். கதாநாயகி கிடைத்துவிட்டாள்.

முன்னறிவிப்பு வேண்டுமென்றால், இந்த வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் கோல அச்சு, அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமென்ட் குழம்பு. அச்சைத் தூக்கியதும் மணலும் சிமென்டும் கலந்த தூளைத் தூவி, மேலே சாந்து போட்டு மட்டம் செய்வார்கள். செய்பவருக்குத் தெரிவது சொரசொரப்பான முதுகுப்பக்கம் மட்டுமே. கோலம் கீழே கண்ணாடியை ஒட்டிக் கிடக்கிறது. காய்ந்து, தண்ணீரில் கிடந்து, கண்ணாடி பிரிந்த பிறகே முகம் தெரியும். உங்கள் உலகில் தீர்க்கதரிசனங்கள் கல்லில் கவிழ்த்து எழுதப்பட்டவை என்று வைத்துவிட்டால், நம்பிக்கை என்பதைப் பிள்ளை கையால் தொட்டுப் பார்க்க முடியும்.

மந்திரம் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். மந்திரவாதம் கூடாது என்னும் உபாகமம் 18:10-ஐக் காட்டுவார்கள். அந்தக் கவலை நியாயமானது. நாயகி மந்திரம் கற்கக் கூடாது, உச்சரிக்கவும் கூடாது. அற்புதம் அவளுக்குக் கொடையாக வரட்டும், பிறருக்காக மட்டும் பலிக்கட்டும். அவள் பசியோடு இருக்கும்போது அந்தக் கொடை கையில் இருந்தும் பயன்படுத்தாத ஒரு காட்சி கட்டாயம் வேண்டும். சக்தியைக் காசுக்குக் கேட்கும் ஒருவனையும் சேர்க்கலாம். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்து சீமோன் அப்படிக் கேட்டவன்தான்.

வில்லனை அமைக்கும்போது ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம்: கருப்பர், அய்யனார், நகரத்தார் கோயில் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை கும்பிடும் எதையும் தீய சக்தியாக வரையாதீர்கள். அதே வகுப்பில் அதே பெஞ்சில் உட்காரும் பிள்ளை புண்படும். கதைக்கும் அது பொருந்தாது. தீமை மனுஷருடைய இருதயத்திலிருந்து புறப்படுகிறது என்கிறது மாற்கு 7:21. நல்லதாக இருந்து கெட்ட ஒன்றே சிறந்த வில்லன். ஒரு காலத்தில் நேர்மைக்குப் பேர்போன கணக்கர், எந்தக் கணக்கையும் முடிக்க மனமில்லாமல் போனவர்.

இனி முக்கியமான இடம். பன்னிரண்டு அத்தியாயம், ஒவ்வொன்றும் ஆயிரம் சொல் என்று வைத்தால் சட்டம் மூன்றாம் அத்தியாயத்துக்குள் ஒருமுறை தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். பிறகு சொன்னால் ஆசிரியர் ஏமாற்றுவதுபோல் இருக்கும். ஐந்தில் துரோகம். அது சிறியதாக, எளிதாக, பிள்ளைக்கு உண்மையிலேயே ஆசை வரக்கூடியதாக இருக்கட்டும். தம்பியின் பேரில் ஒரே ஒரு வரி. ‘அக்கா பேருக்கு மாத்தி எழுதிடலாம், அவளுக்குத் தெரியவே தெரியாது’ என்கிறார் கணக்கர். தம்பி தலையாட்டுகிறான். அவ்வளவுதான். அவனை அதற்கு முன் நாலு அத்தியாயம் வாசகர் நேசித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மன்னிப்புக்கு எடை இருக்காது.

எட்டில் விலை கொடுக்கப்படுகிறது. தம்பிக்காகக் கொடுப்பவர், தன் பேரில் ஒரு வரிகூட இல்லாத அந்த ஒருவர், யாராலும் ஏமாற்றப்படக் கூடாது. தெரிந்தே வர வேண்டும். பயப்படவும் வேண்டும், சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு கலங்கியதுபோல. பயமில்லாத தியாகம் பிள்ளைகளுக்கு நாடகமாகப் படும். ஒன்பதாம் அத்தியாயம் வெறுமை. அதில் யாரும் ஆறுதல் வசனம் பேச வேண்டாம். பத்தில் திரும்பி வருகிறார். சட்டத்தில் கண்டுபிடித்த ஓட்டை வழியாகத் தப்பி வந்தால் கதை விழுந்துவிடும். வரியே இல்லாதவரைப் பேரேட்டால் பிடித்து வைக்க முடியவில்லை என்பது மூன்றாம் அத்தியாயச் சட்டத்திலிருந்தே வர வேண்டும். வாரம் ஒரு அத்தியாயம் வாசிக்கும் வகுப்பானால் எட்டு, ஒன்பது, பத்து மூன்றையும் ஒரே அமர்வில் வாசியுங்கள். சின்னப் பிள்ளையை ஒரு வாரம் அந்த இருட்டில் விடக் கூடாது. நிமிடத்துக்கு நூறு சொல் என்றால் அரை மணி நேரம் ஆகும்.

பலரும் விட்டுவிடுவது பதினொன்றாம் அத்தியாயம். துரோகம் செய்தவனை ‘மன்னித்தோம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். யோவான் 21-இல், இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்திருந்த பேதுருவுக்குக் கரிநெருப்பும் மீனும் அப்பமும் காத்திருந்தன. பேச்சு சாப்பாட்டுக்குப் பிறகுதான். தம்பியையும் பந்தியில் உட்கார வையுங்கள். அவன் கடைசி இலைக்குப் போகிறான். திரும்பி வந்தவர் அவனை முதல் இலைக்கு அழைத்துத் தன் கையால் பரிமாறுகிறார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தன் அப்பளத்தில் பாதியை ஒடித்து வைக்கிறாள். முழு அத்தியாயம் இதற்கே.

நடை எளிமையாக இருக்கட்டும். ‘சொன்னதாவது’, ‘உண்டாகக்கடவது’ வேண்டாம். ஒரு சபையார் மட்டும் புழங்கும் சொற்களைத் தவிர்த்தால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் படிப்பார்கள்.

அச்சுக்கு முன் ஐந்தாறு பிள்ளைகளுக்கு உரக்க வாசியுங்கள். அவர்களில் இரண்டு பேராவது பைபிள் தெரியாதவர்களாக இருக்கட்டும். நெளியும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். ‘என்ன பாடம் கற்றாய்?’ என்று கேட்காதீர்கள். ‘யாருக்கு அநியாயம் நடந்தது? நீயாக இருந்தால் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பாயா?’ என்று கேளுங்கள். மாட்டேன் என்று ஒரு பிள்ளை கோபமாகச் சொன்னால் பதினொன்றாம் அத்தியாயம் சரியாக வந்திருக்கிறது. எல்லோரும் உடனே ‘உட்கார வைப்பேன்’ என்றால் ஐந்தாம் அத்தியாயத்தில் துரோகம் வலிக்கவில்லை. அங்கே போய்த் திருத்துங்கள்.