மின்வாரியத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

கையுறை போடு, ஹெல்மெட் மாட்டு, மழையில் ஏறாதே. இதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள், அதனால் இங்கே விட்டுவிடுகிறேன். வேலூர் வட்டாரத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் வேலை செய்வதைப் பார்த்தால், அந்த வயதில் நாங்கள் செய்த அதே கோளாறுகள் அப்படியே திரும்பி வருகின்றன. 2010-இல் வாரியம் கம்பெனிகளாகப் பிரிந்தது, 2024-இல் மறுபடியும் பிரித்துப் பெயர் மாற்றினார்கள். ஜனங்களுக்கு அது இன்னும் ஈ.பி.தான். கம்பத்தடியில் நடப்பதும் பெரிதாக மாறிவிடவில்லை.

எர்த் ராடை வண்டியிலேயே விட்டுவிட்டு ஏறுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். நிறுத்திய கம்பியை மண்ணோடு இணைக்கும் கோல்தான் எர்த் ராடு, தப்பித்தவறி சப்ளை வந்தாலும் மண்ணுக்கு இழுத்துவிடும். லைன் கிளியர் (லைனை நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம் என்ற அனுமதி, சுருக்கமாக எல்.சி.) வாங்கியாகிவிட்டது, லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சை இழுத்தாகிவிட்டது, அப்புறம் என்ன என்று நேராகக் கம்பத்தில் கால் வைக்கிறார்கள். எர்த் ராடு எங்கேப்பா என்று கேட்டால், "ஜீப்புல இருக்கு சார், அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று பதில் வரும்.

அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் பம்புசெட்டுகளுக்குப் போகும் லைன்கள் தோப்புகளுக்கு நடுவே நீளமாக ஓடும். கத்திரி வெயில் காய்ந்துவிட்டு சாயங்காலம் காற்றோடு மழை அடித்தால், எங்காவது தென்னை மட்டை கம்பிமேல் விழுந்திருக்கும். அப்படி ஒரு நாள், இருட்டுகிற நேரம். சப்ஸ்டேஷனிலிருந்து வரும் முக்கிய லைனான ஃபீடரை நிறுத்தவில்லை. அந்தக் கிளை லைனுக்கு மட்டும் ஏ.பி. சுவிட்சைத் திறந்திருந்தார்கள். கைப்பிடி முழுதாக இறங்கியிருந்தது. ஹெல்பர் கயிற்றோடு தயார். கூட வந்திருந்த பழைய ஒயர்மேன் ஒருவர்தான் "இருடா" என்று சொல்லி டார்ச்சை மேலே அடித்தார். மூன்று பிளேடில் இரண்டு திறந்திருந்தன. மூன்றாவது சூட்டில் உருகி, பிடித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே கைப்பிடியை மட்டும் பார்த்த யாருக்கும் அது தெரிந்திருக்காது.

சரி, ஃபீடரையே நிறுத்தி எழுத்தில் எல்.சி. வாங்கிவிட்டால் போதுமா? போதாது. சப்ளை மேலிருந்துதான் வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்கித் தருகிறது. அதே டிரான்ஸ்பார்மருக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து 230 வோல்ட்டைக் கொடுத்தால், மேல்பக்கக் கம்பிகளுக்கு நடுவே பத்தாயிரம் வோல்ட் வரை ஏற்றிவிடும். அதற்கு எந்தப் பக்கம் நுழைவாசல் என்று தெரியாது.

காட்பாடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நாளன்று இதுதான் நடந்தது. சப்ளை போனதும் அங்கிருந்த எலக்ட்ரீஷியன் ஈ.பி. லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை நேராக மெயினில் கொடுத்துவிட்டார். ஊர் முழுக்க லோடு சேர்ந்திருந்தால் ஜெனரேட்டர் தாங்காமல் நின்றிருக்கும். மண்டபத்துக்குத் தனி டிரான்ஸ்பார்மர், அதனால் ஜம்மென்று ஓடியது. எல்.சி. கையில் இருந்தும் எங்கள் ஆள் டெஸ்டரை நீட்டிப் பார்த்தார். அது கத்தியது. டெஸ்ட் பண்ணாமல் கையை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. மண்டபத்துக்காரர் என்னவோ "பொண்ணு மாப்பிள்ளை மேடையில இருக்காங்க சார்" என்று எங்களிடமே கோபப்பட்டார்.

இப்போது மாடிக்கு மாடி சோலார் வேறு வந்துவிட்டது. முறைப்படி கிரிட்டோடு சேர்த்த இன்வெர்ட்டர் சப்ளை போனதும் தானாக நின்றுவிடும். யாரோ தெரிந்தவரை வைத்து மாட்டிக்கொண்ட வீட்டு இன்வெர்ட்டரை அப்படி நம்ப முடியாது. இவை போக, பக்கத்திலேயே 110 கே.வி. லைன் ஓடினால், நிறுத்திய கம்பியிலும் இன்டக்‌ஷனில் வோல்டேஜ் நிற்கும்.

ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். டிரான்ஸ்பார்மரில் முதலில் கீழ்ப்பக்க (எல்.டி.) ஃபீஸ்களைப் பிடுங்கி லோடை எடுங்கள், அதற்குப் பிறகு ஏ.பி. சுவிட்ச். திறந்ததும் பூட்டுங்கள், மூன்று பிளேடையும் கண்ணால் பாருங்கள். பிறகு மூன்று கம்பியிலும் டெஸ்ட். எர்த் ராடில் மண்ணுக்குப் போகும் முனையை முதலில் இறுக்கிவிட்டுத்தான் கொக்கியை லைனில் மாட்ட வேண்டும். கழற்றும்போது லைன் முனை முதலில். வேலை செய்யும் இடத்துக்கு ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் பாதி வேலைதான் ஆனது, இரண்டு பக்கமும் மாட்டுங்கள். இத்தனைக்கும் கொஞ்ச நேரம்தான் ஆகும். அதற்குள் கீழே நிற்கிற ஊர்க்காரர்கள் "இன்னும் ஏறலையா" என்று நச்சரிப்பார்கள். நச்சரிக்கட்டும்.

போனில் எல்.சி.

எழுத்தில் வாங்குங்கள், வேலை முடிந்ததும் வாங்கியவரே திருப்பிக் கொடுக்கட்டும்.

ஃபீஸுக்குத் தடித்த கம்பி

ராத்திரி இரண்டாவது தடவையாக ஃபீஸ் போனால் கை தானாக அலுமினியக் கம்பியைத் தேடும். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம். லோடு ஏறும்போது ஃபீஸுக்குப் பதில் டிரான்ஸ்பார்மர் எரியும். அப்புறம் மாற்று டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கும்வரை பயிர் காய்கிற விவசாயிக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

நியூட்ரலை அரைகுறையாக முறுக்குவது

ஃபேஸ் கம்பியை அக்கறையாகக் கட்டுகிறவர்கள், நியூட்ரல்தானே என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்குகிறார்கள். அந்த இணைப்பு விட்டுப்போனால் 230 வோல்ட் வரவேண்டிய சில வீடுகளில் 300-க்கு மேல் ஏறும். தெரு முழுக்க டி.வி., ஃபிரிட்ஜ் போய்விடும். சேர்க்கும்போது நியூட்ரல் முதலில், பிரிக்கும்போது கடைசியில்.

ரீடிங்கைத் தள்ளிப்போடுவது

இது கணக்கீட்டுப் பக்கம் சேர்ந்தவர்களுக்கு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். வேலூர் வெயிலில் மே மாதம் ஏ.சி. ஓடாத வீடு குறைந்துகொண்டே வருகிறது. நீங்கள் பத்து நாள் தள்ளிப் போனால், 480 யூனிட்டில் நின்றிருக்க வேண்டிய வீடு 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறுவதில்லை, நடுவிலுள்ள யூனிட்டுகளின் ரேட்டும் மாறிவிடும். சத்துவாச்சாரியில் ஒரு பாட்டி பழைய பில்லையெல்லாம் மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்து கவுண்ட்டரில் பரப்பினார். அந்தப் பாட்டி சொன்ன கணக்கு சரி.

பணிப்பதிவேடு

வருஷத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். நாமினி பெயர் எழுதியிருக்கிறதா என்று முதலில்.

"பத்து நிமிஷத்துல வந்துடும்"

சொல்லாதீர்கள். குடியாத்தத்தில் தறி ஓட்டுகிறவர் உங்கள் பேச்சை நம்பி ஆட்களை உட்கார வைத்துக்கொண்டிருப்பார். எந்த இடத்தில் ஃபால்ட், ஆள் போயாகிவிட்டதா என்பதைச் சொல்லுங்கள், நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள். கட்டாயம் கேட்டால் இருக்கிறதைவிடக் கூட்டியே சொல்லுங்கள்.