கார்ன் பாம்பு இரண்டையும் பிரித்து வைத்தேன், கக்குவது நின்றது

வீட்டில் வளர்க்க வாங்கிய விஷமில்லாத பாம்புகள் இவை. கடையில் இரண்டையும் ஒரே பெட்டியில்தான் கொடுத்தார்கள். ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு கிடப்பதைப் பார்த்தவர்கள் பாசம் என்றார்கள். பாசமெல்லாம் இல்லை, இரண்டுக்கும் வேண்டியது ஹீட் மேட் (சூடு தரும் மின்விரிப்பு) இருக்கும் அந்த ஒரே மூலைதான். பெரியது அதைப் பிடித்துக்கொள்ள, சின்னது தண்ணீர்க் கிண்ணத்துப் பக்கமே கிடந்து, விழுங்கிய எலிக்குஞ்சைப் பாதி செரித்த நிலையில் குடலைப் புரட்டும் நாற்றத்தோடு கக்கிவிட்டது. உடம்பில் சூடு ஏறாமல் பாம்புக்குச் செரிக்காது.

உடனே தனித்தனிப் பெட்டி. சூட்டை அளவோடு வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் வைத்து ஒரு பக்கம் 29 டிகிரி, மறுபக்கம் 24, இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம். கக்கிய பாம்புக்கு அவசரப்பட்டுத் தீனி போடாதீர்கள். 10 நாளாவது வயிற்றை ஆறவிட்டு, அப்புறம் வழக்கத்தைவிடச் சின்ன எலியாகக் கொடுங்கள். சின்னதுக்கு இப்போது எடை ஏறுகிறது. எச்சம் எதனுடையது என்ற குழப்பமும் இல்லை.