க்ரீம் விளம்பரப் படம் யாரைக் காயப்படுத்தும்? பதிவிடும் முன் பார்க்க வேண்டியவை

க்ரீம், சோப்பு, கூந்தல் தைலம் விற்பவர்கள் பெரும்பாலும் யாரையும் நோகடிக்க நினைத்துப் படம் எடுப்பதில்லை. எடுக்கும்போது கண் முழுக்கப் பொருள் மேலேயே இருக்கிறது. பார்க்கிறவரோ அந்தப் படத்தில் தன் முகத்தைத் தேடுகிறார். ‘பயன்படுத்தும் முன்’ என்ற பக்கத்தில் அது கிடைத்துவிட்டால் போதும், மீதி விளம்பரம் அவர் கண்ணில் படாது.

அதனால் முதலில் சோதிக்க வேண்டியது வரிசையை. 2017 அக்டோபரில் டவ் ஃபேஸ்புக்கில் சில நொடிகளே ஓடும் வீடியோ ஒன்றைப் போட்டது. ஒரு கறுப்பினப் பெண் மேல்சட்டையைக் கழற்ற, அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வருவார். அவர் கழற்றினால் மூன்றாவதாக இன்னொரு பெண். எல்லா நிறத்தவருக்கும் ஏற்றது என்பதுதான் சொல்ல வந்த செய்தி. ஆனால் ஊரெல்லாம் சுற்றியது முதல் மாற்றத்தின் ஸ்கிரீன்ஷாட் மட்டும். சோப்பு விளம்பரத்தில் கறுப்பு முதலிலும் வெள்ளை அடுத்தும் வந்தால், அழுக்கு போனது என்றே மனம் படிக்கும். டவ் வீடியோவை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டது.

உங்கள் வீடியோவிலும் ஒரு காட்சி இன்னொன்றாக மாறும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து, ஒலியும் எழுத்தும் இல்லாமல் பாருங்கள். பிறகு வரிசையைத் திருப்பிப் போடுங்கள். திருப்பினால் விளம்பரம் அபத்தமாகிறது என்றால், மனிதர்களை மேல் கீழாக அடுக்கியிருக்கிறீர்கள் என்று பொருள். அந்த இரு காட்சிகளிலும் ஒரே பெண்ணை வையுங்கள்.

‘முன்–பின்’ படம்தான் அதிகம் காயப்படுத்துவது. இந்திய விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி 2014-லேயே இதற்கு விதி வகுத்தது: கருமையான நிறத்தவரை அழகற்றவராகவோ, சோகமாகவோ, கவலையோடு இருப்பவராகவோ காட்டக் கூடாது, ‘முன்’ படத்தில் மாடலின் முகபாவத்தில் தனிக் கவனம் வேண்டும், நிறத்தைச் சாதியோடும் தொழிலோடும் வசதியோடும் முடிச்சுப் போடக் கூடாது. விதிக்கு வெளியே நம் ஊருக்கென்று ஒன்றும் உண்டு. ‘முன்’ படத்தில் வெறும் நெற்றி, பூ இல்லாத தலை. ‘பின்’ படத்தில் பொட்டும் மல்லிகையும். ஒப்பனை நன்றாகத் தெரியட்டும் என்றுதான் வைத்திருப்பார்கள். கணவரை இழந்த பெண் அதில் க்ரீமையா பார்ப்பார்? பொட்டு, பூ, புடவை, சிரிப்பு எல்லாம் இரண்டு படங்களிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

எடுக்கும் முறை: தரையில் டேப் ஒட்டி, நிற்கும் இடத்தையும் ஸ்டாண்டின் இடத்தையும் குறியுங்கள். அதே ஜன்னல், அதே நேரம். ஃபோனில் பியூட்டி மோடை முழுவதும் அணையுங்கள். பல ஃபோன்களில் செல்ஃபி கேமராவில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். கன்னத்தின் அருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, ஃபோன் திரையில் தாள் தெரியும் இடத்தில் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டுங்கள். இரண்டு படத்திலும் தாள் ஒரே வெண்மையாக இல்லாவிட்டால் மாறியது வெளிச்சம். க்ரீம் எதுவும் செய்யவில்லை. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் படியான ஸ்டாப் ஒன்று கூடினாலே வெளிச்சம் இரு மடங்கு. அந்தப் பொய்யை நம்பி மூன்று மாதம் தடவிவிட்டுத் தன் தோலையே குறை சொல்லிக்கொள்ளும் பெண்ணுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு தனிக்காட்சிகள். கண்ணுக்குக் கீழே ஊதாவும் சிவப்பும் கலந்த ஐஷேடோ, சின்னத் திரையில் அடிபட்ட காயமாகத் தெரியும். வீட்டில் அடி வாங்குகிறவருக்கு உடனே தெரியும். நிறத்தை மேல் இமையோடு நிறுத்துங்கள், ஓரத்தைக் கூர்மையாக முடியுங்கள், மாடல் நேராகப் பார்க்கட்டும். ஃபேஸ்வாஷுக்காக முகத்தை நோக்கித் தெளிக்கும் நீரை உறைய வைத்த காட்சி, அமிலத் தாக்குதலில் தப்பியவருக்கு வேறொன்று. உள்ளங்கையில் ஏந்திய நீரைக் காட்டினால் அதே புத்துணர்ச்சி வரும். சீப்பில் கொத்தாக வரும் முடியையும் அலறும் முகத்தையும் கீமோ சிகிச்சையில் இருப்பவரும் பார்ப்பார். தைலத்தை, தடவும் விரல்களைக் காட்டுங்கள்.

பெயரும் படத்தின் பகுதியே. 2010-இல் ஒப்பனைப் பொருள் நிறுவனமான மேக்கும் ஆடை வடிவமைப்பு நிறுவனமான ரோடார்ட்டேவும் இணைந்து அறிவித்த ஒப்பனைத் தொகுப்பில் ஹுவாரெஸ், ஃபேக்டரி என்றெல்லாம் பெயர் வைத்து, பேய் போல வெளிறிய முகத்தைக் காட்டினார்கள். மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸில் கொல்லப்பட்ட பெண்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள். எதிர்ப்பு எழுந்ததும் தொகுப்பு கைவிடப்பட்டது.

எழுத்தில் ‘உங்கள் முகப்பருவுக்கு’ என்று தொடங்காதீர்கள். பார்ப்பவரின் உடல்நிலையைச் சுட்டும் இத்தகைய வரியை, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா தன் விளம்பர விதிகளிலேயே தடுக்கிறது. ‘பரு வரும் சருமத்துக்கு’ போதும். வெண்புள்ளியை ‘வெண்குஷ்டம்’ என்று எழுதவே வேண்டாம். வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் தொடர்பே இல்லை. வெண்புள்ளியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரணச் சட்டம் தடை செய்கிறது.

எல்லாம் முடிந்ததும் உங்கள் கடைக்குத் தொடர்பில்லாத மூன்று பேரிடம், எழுத்தை மறைத்து, ஐந்து நொடி மட்டும் காட்டுங்கள். ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’தான் வரும். ‘இந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். அவர்களில் ஒருவராவது தழும்போ, வெண்புள்ளியோ, கருமையான நிறமோ உள்ளவராக இருந்தால் நல்லது. அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள்.

புகார் வந்துவிட்டால் முதலில் மெட்டாவில் விளம்பரங்களை நிர்வகிக்கும் ஆட்ஸ் மேனேஜருக்குள் போய் அந்தப் படம் ஓடும் எல்லா விளம்பரங்களையும் நிறுத்துங்கள். உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் பதிவை மறைத்தால் மட்டும் போதாது. அதே படத்தைத் தனியாக ஏற்றியிருந்தால் அது காசுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். முகவர்களின் வாட்ஸ்அப் குழு, கடைப் பலகை, அட்டைப்பெட்டி என்று படம் போன இடமெல்லாம் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக எடுங்கள். ‘யார் மனதாவது புண்பட்டிருந்தால்’ என்று எழுதாதீர்கள். ஒருவர் புண்பட்டதாகச் சொன்ன பிறகு அங்கே ‘இருந்தால்’ என்பதற்கு இடமில்லை. ‘அந்தப் படத்தில் கருமையான முகத்தைச் சோகமாகக் காட்டினோம். தவறு. எடுத்துவிட்டோம்’ என்று நடந்ததைச் சொல்லுங்கள். சொன்னவரின் கருத்தை அழிக்காதீர்கள், அவருக்கு இலவசப் பொருளும் அனுப்பாதீர்கள்.