சீன அதிகாரிகளுடன் பேச்சுவார்த்தை: உள்ளூர்க் குழுவைத் தயார்செய்வது எப்படி?

ஒரு நகரமன்றக் குழுவைச் சீனாவுக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு ஒருமுறை என் தலையில் விழுந்தது. அதில் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். விசா, டிக்கெட்டை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

1. எதிரே உட்காரப்போவது யார் என்று பாருங்கள். சீனாவில் மாகாண, நகர அரசுகளுக்கு வெளிவிவகார அலுவலகம் உண்டு, 'வைபான்' என்பார்கள். கடிதம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். மேயர்தான் பெரியவர் என்று நினைத்துவிடாதீர்கள். நகரக் கட்சிச் செயலாளர் அவருக்கும் மேல்.

2. பெயர்ப் பட்டியலை அகரவரிசையில் அனுப்பாதீர்கள், பதவி வரிசையில் அனுப்புங்கள். நாற்காலியும் அப்படித்தான் போடுவார்கள்.

3. நான் சறுக்கியது இங்கேதான். கூட்டறிக்கை வரைவை ஆங்கிலத்தில் மட்டும் படித்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். அதில் 'ஒரே சீனா கொள்கை' என்று இருந்தது. சீனப் பிரதியில் 'ஒரே சீனா கோட்பாடு'. சின்ன வித்தியாசமாகத் தெரியும், ஆனால் தைவான் விஷயமே இதில் அடங்கியிருக்கிறது. கோட்பாடு என்பது பெய்ஜிங்கின் நிலைப்பாடு: தைவான் சீனாவின் ஒரு பகுதி. கொள்கை என்பது அமெரிக்கா தன் நிலைப்பாட்டுக்கு வைத்திருக்கும் சொல். அது அவ்வளவு தூரம் போகாது. கையெழுத்துக்கு முந்தைய இரவு எங்கள் மொழிபெயர்ப்பாளர் கவனித்ததால் தப்பித்தோம்.

இந்தச் சிக்கல் பழசு. 1979 அமெரிக்க-சீனக் கூட்டறிக்கையின் ஆங்கிலப் பிரதியில் 'அக்னாலெட்ஜ்' என்று இருந்தது. தைவான் சீனாவின் ஒரு பகுதி என்று சீனத் தரப்பு சொல்வது தெரியும் என்கிற அளவுதான். சீனப் பிரதியில் அது 'செங்ரென்', அதாவது ஏற்கிறோம் என்று படிக்கும்படி ஆயிற்று. அதனால் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். எந்தப் பிரதி செல்லும் என்றும் எழுதி வாங்குங்கள்.

4. மொழிபெயர்ப்பாளரை நீங்களே கூட்டிப்போங்கள். அவர்கள் தரும் ஆள் திறமைசாலியாகவே இருக்கட்டும், அவர் அவர்களுடைய ஆள். ஒரு மணி நேரச் சந்திப்பில் மொழிபெயர்ப்பு போக இரு தரப்புக்கும் சேர்த்து அரை மணிதான் மிஞ்சும். உரையை அதற்கேற்ப வெட்டுங்கள். எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: சீனத்தில் எண்ணிக்கை பத்தாயிரம் பத்தாயிரமாக ('வான்') போகும், 'யீ' என்றால் பத்துக் கோடி. நல்ல மொழிபெயர்ப்பாளரும் இதில் ஒரு சுழியத்தை விட்டுவிடுவார்.

5. ஒரு ஒத்திகை வையுங்கள். தைவான், திபெத், ஷின்ஜியாங் பற்றிக் கேட்டால் யார் பேசுவது, எந்த வரியோடு நிறுத்துவது என்று முன்பே முடிவுசெய்யுங்கள். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம், பல நேரம் அது மரியாதையான 'இல்லை'.

கருவிகளைப் பொறுத்தவரை நான் காகிதக் கட்சி. வாட்ஸ்அப்பும் ஜிமெயிலும் அங்கே முடக்கப்பட்டிருக்கின்றன. ஆவணங்களை அச்செடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமான எதுவும் இல்லாத வேறு போனைக் கொண்டுபோங்கள்.

பின்சேர்க்கை: வீசாட் (சீனாவில் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செயலி) கணக்கை அங்கே போய்த் திறந்துகொள்ளலாம் என்று இருந்த ஒருவர் மாட்டிக்கொண்டதாகப் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். புதுக் கணக்கை ஏற்கெனவே அதில் இருக்கும் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று கேட்கலாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.