கைக்குழந்தையோடு பிரிட்டனுக்கு வருகிறீர்களா? அந்தச் சொட்டு மருந்து பாட்டிலை முதலில் வெளியே எடுங்கள்

சேலத்திலிருந்து கைக்குழந்தையோடு கிளம்புகிறவர்களின் பெட்டியில் சத்துமாவு, வசம்பு, அரைஞாண் கயிறு எல்லாம் இருக்கும். கூடவே காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்து ஒரு பாட்டில். எங்கள் பெட்டியிலும் இருந்தது.

மகளுக்கு ஆறாவது வார ஊசி ஏற்காட்டில் போட்டோம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கும்வரை தூங்கினாள். அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்து ஆரம்பித்த அழுகை விடியும்வரை ஓயவில்லை. ஊசி போட்ட தொடை கல் மாதிரி இருந்தது. காய்ச்சல் வந்தால் மருந்து கொடுங்கள், வராவிட்டால் வேண்டாம் என்றுதான் அங்கே சொல்லியனுப்பினார்கள்.

இங்கே பிரிட்டனில் அப்படியில்லை. 8, 12 வாரங்களில் போடும் ஊசிகளில் மென்-பி என்று, மூளைக்காய்ச்சல் தரும் ஒரு கிருமிக்கு எதிரான ஊசி ஒன்று சேர்கிறது. நம் ஊர் அரசு அட்டவணையில் அது கிடையாது. மற்ற ஊசிகளோடு சேர்த்துப் போடும்போது காய்ச்சல் வருவது சகஜம். அதனால் காத்திருக்காமல், ஊசி போட்டதும் சீக்கிரமே பாராசிட்டமால் சிரப் 2.5 மில்லி. அப்புறம் 4 முதல் 6 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை. குறைமாதக் குழந்தை என்றால் அளவை நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஊசிக்கும் இப்படி முன்கூட்டியே கொடுக்கக் கூடாது. 16 வார ஊசியில் மென்-பி இல்லை, அன்றைக்கு நம் ஊர் வழக்கம்தான். ஐபுப்ரோஃபென் எதற்கும் வேண்டாம்.

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன். இங்குள்ள குழந்தை சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து, 2.5 மில்லி என்றால் 60. நான் கொண்டுவந்த சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. அதில் 2.5 மில்லி கொடுத்தால் 250 மில்லிகிராம், நான்கு மடங்குக்கும் மேல்! இங்கே வந்து போட்ட முதல் ஊசியன்று அதைத்தான் அளந்துகொண்டிருந்தேன். ஃபில்லரில் கோடு 1 மில்லியோடு நின்றுவிட்டது. மூன்றாவது தடவை உறிஞ்சும்போதுதான் என்னவோ சரியில்லையே என்று தோன்றி, லேபிளைப் படித்தேன். கிண்ணத்தில் இருந்ததை அப்படியே தள்ளிவைத்துவிட்டு, வீட்டுக்காரரைக் கடைக்கு ஓட்டினேன். சிரப் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது, சீட்டு வேண்டாம். ஊசிக்கு முந்தின நாளே வாங்கிவையுங்கள்.

போனில் அம்மா, "குல்லா போட்டு நல்லா சுத்திப் படுக்க வை கண்ணு" என்றார். காய்ச்சலில் அது ஆகாது. மெல்லிய துணி போதும், அடிக்கடி பால் கொடுங்கள்.

மூன்று தடவைக்குப் பிறகும் உடம்பு சுட்டால், குழந்தை மற்றபடி நன்றாக இருந்தால், அதே இடைவெளியில் இன்னொரு தடவை கொடுக்கலாம். 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, 48 மணி நேரம் கழித்தும் காய்ச்சல் இருந்தாலோ 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள்.

ஊரில் போட்ட ஊசிகளும் கணக்கில் வரும், அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள். பாட்டிலை நான் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். இந்த நாட்டில் வேண்டாத மருந்தை மருந்துக் கடையில்தான் கொடுக்க வேண்டும், குப்பையில் போடக் கூடாது.